மழை மாதங்களுக்கு மட்டுமா, மொத்தமாகவா?

ஐப்பசியில் முதல் பெருமழை விழுந்ததும் மரக்காணத்தில் உப்பளங்கள் மறைந்துபோகின்றன. பாத்தி எது, வரப்பு எது, பக்கத்துக் கழுவெளி ஏரி எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எல்லாம் ஒரே தண்ணீர். அன்றோடு அந்த வருடத்து உப்பு வேலை முடிந்தது. தை பிறந்த பிறகு, தேங்கிய நீரை வடித்து, வண்டலை வழித்து, களிமண் தரையை மிதித்து இறுக்கினால்தான் மறுபடி கூலி. இடைப்பட்ட மூன்று மாதங்களில், மழை இழுத்தடிக்கும் வருடங்களில் நான்கு மாதங்களில், உப்பை நம்பியிருக்கும் வீடுகளில் ஒரு பேச்சு எழும்: “பேசாம மெட்ராசுக்கே போயிடலாமா?”

அப்படிப் பேச்சு எழுந்திருக்கும் வீட்டுக்காகவே இந்தக் கட்டுரை. போங்கள் என்றோ போகாதீர்கள் என்றோ எல்லாருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. எந்தக் கணக்கைப் போட வேண்டும், எதை விட்டால் திரும்பக் கிடைக்காது என்று சொல்ல முடியும். என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். முதல் வருடம் வீட்டிலிருந்து ஒருவர் மட்டும் மழை மாதங்களுக்குப் போய் வர வேண்டும். குடும்பம் முழுதும் கிளம்புவது, அங்கே இரண்டாவது சம்பளம் உறுதியான பிறகு, பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தை ஒட்டி நடக்க வேண்டும். ஏன் என்பதற்குக் காரணங்கள் உண்டு.

முதலில் உப்பு வருமானத்தின் இயல்பைப் பார்த்துவிடுவோம். விழுப்புரம் மாவட்டக் கடலோரத்தில், சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது மரக்காணம். தூத்துக்குடி, வேதாரண்யம் போல இதுவும் தமிழ்நாட்டில் பேர்பெற்ற உப்பு ஊர். உப்பு நீரின் செறிவை போமே என்ற அளவையால் பார்ப்பார்கள். கடல் நீர் அதில் சுமார் 3 டிகிரி. வெயிலிலும் காற்றிலும் சுண்டிச் சுண்டி அது 25 டிகிரியை எட்டினால்தான் பாத்தியில் உப்பு படியும். அதற்காகவே நீரைத் தேக்கி, பாத்தி மாற்றிப் பாத்தி நகர்த்தி, நாள் கணக்கில் காய விடுகிறார்கள். ஒரு மணி நேர மழை போதும், அத்தனை நாள் ஏறிய செறிவு இறங்கிவிடும். சித்திரையில் கோடை மழை பெய்தால் விவசாயிக்குச் சந்தோஷம்; உப்பளத்தில் இருப்பவருக்கு அந்த வாரக் கூலி போயிற்று. ஆக, உப்பளத் தொழிலாளியின் வருட வருமானத்தைத் தீர்மானிப்பது ஒரு நாள் கூலி எவ்வளவு என்பதைவிட, வெயில் நாள் எத்தனை என்பதுதான்.

அந்த நாள்களின் எண்ணிக்கையை முன்கூட்டி நம்ப முடியவில்லை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் இந்தக் கரையோரத்தைப் புரட்டிப் போட்டது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியபோது, விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படி ஒரு வெள்ளம் வந்த வருடம், பாத்திகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவே கூடுதல் நாள் பிடிக்கும். வேலையில்லாத மூன்று மாதங்கள் நான்காகும் வருடங்கள் அவை.

இந்த இடைவெளிக்கு அரசு உதவி ஒன்று உண்டு. உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-இல் தொடங்கியது. மூன்று மாதத்துக்கும் சேர்த்துத்தான் அந்த 5,000. மளிகைக் கடன் கொஞ்சம் அடையும், அவ்வளவே. ஆனாலும் அதை வாங்காமல் விடக் கூடாது. ஊரில் இல்லாததால் பதிவு விட்டுப்போய், உரிய பணத்தை இழப்பது வேண்டாத நஷ்டம். வெளியூர் கிளம்பும் முன் உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மரக்காணத்துக்கும் சென்னைக்கும் தொடர்பு புதிதல்ல. பக்கிங்காம் கால்வாயின் தென்முனை இந்த ஊர்தான். இங்கே விளைந்த உப்பு அந்தக் கால்வாய் வழியே படகில் சென்னைக்குப் போனது. 1877–78 பஞ்சத்தில் பிழைப்பிழந்த மக்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநரான பக்கிங்காம் கோமகன் பெயரும் கால்வாய்க்கு அப்போது வந்தது. உப்பு போன திசையில்தான் இன்று ஆளும் போகிறார்கள். 1885-இல் இங்கிலாந்தின் மக்கள்தொகைக் கணக்கை ஆராய்ந்த ராவன்ஸ்டைன் என்பவர், இடம்பெயர்வோரில் பெரும்பாலோர் குறைந்த தூரமே போகிறார்கள் என்றும், போகும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் எதிரே திரும்பி வரும் கூட்டம் ஒன்று உண்டு என்றும் எழுதினார். இரண்டாவது கருத்தை மனத்தில் வையுங்கள். ஊர் திரும்புவதும் இந்தக் கணக்குக்குள் அடங்கியதே. திரும்பி வந்தவரைத் தோற்றவர் என்று பார்க்கும் பழக்கம் பல குடும்பங்களைத் தேவையில்லாமல் நகரத்திலேயே கடனில் இருத்தி வைத்திருக்கிறது.

நமக்கு மிக நெருக்கமான ஆராய்ச்சி வங்கதேசத்தில் நடந்தது. அங்கே வடக்கே ரங்பூர் பகுதியில், நெல் நட்டு அறுவடைக்குக் காத்திருக்கும் மாதங்களில் வேலை இருக்காது. வீடுகளில் சாப்பாடே குறையும். மோங்கா என்று அந்தப் பருவத்துக்குப் பெயர். 2008-இல் பிரையன், சௌத்ரி, மொபாரக் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் அங்குள்ள ஏழைக் குடும்பங்களில் சிலவற்றுக்கு, வெளியூர் வேலைக்குப் போனால் பேருந்துக் கட்டணமும் சில நாள் சாப்பாட்டுச் செலவும் ஆகும் அளவுக்கு, சுமார் 600 டாக்கா கொடுத்தார்கள். அந்தச் சிறு தொகையால் கூடுதலாக ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட குடும்பங்கள் ஒருவரை வெளியூர் அனுப்பின. அந்த வீடுகளில் சாப்பாட்டுச் செலவு கண்கூடாக உயர்ந்தது. அடுத்த வருடம் பணம் கொடுக்காதபோதும் அவர்களில் பலர் தாங்களாகவே போனார்கள்.

இத்தனை நாள் அவர்கள் ஏன் போகாமல் இருந்தார்கள்? சோம்பல் காரணம் அல்ல. பேருந்துக்குச் செலவழித்து, வேலை கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பினால், வீட்டில் இருப்பவர்கள் பட்டினி கிடக்க நேரும் என்ற பயம். கையில் இருக்கும் கொஞ்சத்தைச் சூதாட மனம் வராததுதான் காரணம். எல்லாருக்கும் இது பலிக்கும் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இதே யோசனையை மிகப் பெரிய அளவில் 2017-இல் செய்து பார்த்தபோது எதிர்பார்த்த பலன் தெரியவில்லை. 2019-இல் அந்தத் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். எனக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் இது: முதல் பயணத்தை, தோற்றாலும் வீடு தாங்கும் அளவுக்குச் சிறிதாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு ஆள், ஒரு பருவம், போகவர ஆகும் செலவும் பதினைந்து நாள் சாப்பாடும் கைவசம். அதற்கு மேல் பணயம் வைக்கக் கூடாது.

சரி, எங்கே போவது? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மரக்காணத்து உப்பைக் கரைக்கும் அதே வடகிழக்குப் பருவமழைதான் சென்னையிலும் பெய்கிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னை பட்ட பாடு தெரிந்ததே. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அங்கே கட்டட வேலை அடிக்கடி நிற்கும். அஸ்திவாரம் தோண்ட முடியாது, கான்கிரீட் போட முடியாது, பூச்சு காயாது. உப்பளத்து ஆள் பெரும்பாலும் தேடிப் போவது சித்தாள், ஹெல்பர் வேலைதான். மழைக்குப் பயந்து ஊரைவிட்டுப் போய் அதே மழையில் தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருப்பதில் என்ன லாபம்?

ஆகவே மழை மாதங்களுக்குப் போகிறவர் கூரைக்கு அடியில் நடக்கும் வேலையாகப் பார்த்துப் போக வேண்டும். தீபாவளியை ஒட்டித் துணிக்கடைகளிலும் பொருள் அனுப்பும் கிடங்குகளிலும் ஆள் எடுப்பார்கள். தீபாவளி முடிந்தால் அதில் பாதி நின்றுவிடும் என்பதையும் தெரிந்து போங்கள். ஓட்டல், சமையல் காண்டிராக்ட், தொழிற்சாலை ஆகியவை மழையில் நிற்பதில்லை. அல்லது மழை குறைவான திசைக்குப் போகலாம். திருப்பூர் பனியன் கம்பெனிகள் பலருக்குப் பழகிய இடம். பக்கத்திலேயே திண்டிவனம் சிப்காட் இருக்கிறது. வடமேற்கே செய்யாறு சிப்காட்டில் காலணித் தொழிற்சாலைகள் பெண்களைப் பெருமளவில் எடுக்கின்றன. அங்கே தெரிந்தவர் ஒருவராவது இருக்கிறாரா என்பதே என் முதல் கேள்வியாக இருக்கும். வேலை கிடைக்கும் வேகம், தங்க இடம், கூலி ஏமாற்றாத மேஸ்திரி, உடம்புக்கு வந்தால் ஒரு வாய்க் கஞ்சி எல்லாம் அந்த ஒருவர் வழியாகத்தான் வரும்.

இப்போது கணக்கு. கீழே வரும் தொகைகள் கணக்குப் போடும் முறையைக் காட்ட நான் வைத்துக்கொண்டவை. உங்கள் வீட்டுத் தொகையை அந்தந்த இடத்தில் போட்டுப் பாருங்கள். கணவன் மனைவி இருவரும் உப்பளத்தில் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கணவனுக்கு நாளுக்கு 500, மனைவிக்கு 400, மாதம் 20 நாள் வேலை. மாதம் 18,000, எட்டு மாதத்துக்கு 1,44,000. வீடு சொந்தக் கூரை, வாடகை கிடையாது.

இந்தக் குடும்பம் சென்னைக்கு மாறுகிறது. கணவனுக்கு ஹெல்பர் வேலை, நாளுக்கு 700, மாதம் 22 நாள்: 15,400. மனைவிக்கு இரண்டு வீடுகளில் பாத்திரம் துலக்கும் வேலை: 6,000. வருடத்துக்கு 2,56,800 ரூபாய். ஊரில் சம்பாதித்ததைவிட ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதல் என்று மனம் குதிக்கும். செலவைப் போடுங்கள். வாடகையும் கரண்டும் மாதம் 7,000 என்றால் வருடம் 84,000. ஊரில் இல்லாத செலவுகளான தண்ணீர் கேன், பேருந்து, விறகுக்குப் பதில் முழுக்க முழுக்கச் சிலிண்டர் எல்லாம் மாதம் 3,000 என்றால் 36,000. கல்யாணம், காரியம், திருவிழா என்று ஊருக்கு வந்துபோக 10,000. கழித்தால் மிஞ்சுவது 1,26,800. ஊரில் இருந்ததைவிடக் குறைவு! அதுவும் பன்னிரண்டு மாதமும் வேலை இருந்தால். முதல் இரண்டு மாதம் வேலை தேடுவதில் போனால் இன்னும் இறங்கும்.

இதே குடும்பத்தில் மனைவிக்கு மாதம் 12,000 தரும் தொழிற்சாலை வேலை கிடைத்தால் கணக்கு தலைகீழாகிறது. மொத்த வருமானம் 3,28,800. செலவு போக 1,98,800. மூன்றாவதாக, குடும்பம் ஊரிலேயே இருக்க, கணவன் மட்டும் மழைக்கு மூன்று மாதம் போகிறார். அங்கே நாளுக்கு 700, மாதம் 20 நாள், மூன்று மாதத்தில் 42,000. தங்கல், சாப்பாடு மாதம் 6,000 போக 24,000 மிஞ்சும். ஊர் வருமானத்தோடு சேர்த்தால் 1,68,000. மொத்தமாகக் குடிபெயர்ந்து வீட்டு வேலைச் சம்பளத்தை நம்பியதைவிட இது மேல். தொகைகளை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே உண்மைதான் வெளிவரும். குடும்பத்தோடு மாறுவது லாபமா நட்டமா என்பதை நகரத்தில் ஆணுக்குக் கிடைக்கும் கூலி தீர்மானிப்பதில்லை. பெண்ணுக்குக் கிடைக்கும் வேலை தீர்மானிக்கிறது. ஆனால் வீட்டில் பேசும்போது கணவனின் வேலையைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். “நீ அங்க வந்து ஏதாவது பாத்துக்கலாம்” என்று மனைவியிடம் சொல்லி முடித்துவிடுகிறோம். அந்த ‘ஏதாவது’ எது என்று தெரிந்த பிறகே லாரிக்குச் சொல்ல வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரில் மாமியாரோ அத்தையோ இருக்கிறார்கள். நகரத்தில் யார் இருப்பார்கள் என்பதும் இதே கேள்விக்குள் அடங்கும்.

கென்யாவின் நிலையைப் பார்த்து ஹாரிஸ், டொடாரோ என்ற இரு அறிஞர்கள் 1970-இல் சொன்னதும் இதைத்தான். நகரத்துச் சம்பளத்தை அப்படியே எடுத்து ஊர்ச் சம்பளத்தோடு ஒப்பிடக் கூடாது. அந்தச் சம்பளம் கிடைப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பதால் பெருக்கி ஒப்பிட வேண்டும். நாளுக்கு 700 என்று மேஸ்திரி சொன்னால், “மாசத்துல எத்தனை நாள்ணே வேலை இருக்கும்?” என்று கேளுங்கள். பதினைந்து நாள் என்றால் உங்கள் கூலி உண்மையில் 350.

அடுத்து, புதுச்சேரி. மரக்காணத்துக்காரர்களுக்குப் பாண்டிதான் கைக்கெட்டும் நகரம். பேருந்தில் ஒரு மணி நேரம். ஆஸ்பத்திரிக்கும் துணி எடுக்கவும் போய்ப் பழகிய ஊர். அதனால் அங்கே குடியேறுவது பக்கத்துத் தெருவுக்கு மாறுவது போலத் தோன்றும். சட்டத்தின் கண்ணில் அது வேறு ஆட்சிப் பகுதி. இந்த ஓர் எல்லைக் கோடு சென்னை வரையிலான தூரத்தைவிட உங்கள் வீட்டை அதிகம் பாதிக்கக்கூடும். இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் சாதிச் சான்று. பட்டியல் சாதி, பழங்குடி ஒதுக்கீடு மாநிலத்தோடு பிணைந்தது. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அங்கே அந்த மாநில அரசின் ஒதுக்கீட்டை உரிமையாகக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் தீர்ப்பளித்தது; 2018-இல் பீர் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வும் அந்த அடிப்படையை உறுதிசெய்தது. மத்திய அரசு வேலைகளுக்கு உங்கள் சான்று செல்லும். புதுச்சேரி அரசுக் கல்லூரி, புதுச்சேரி அரசு வேலை என்று வரும்போது பூர்வீகம் கேட்பார்கள். பத்து வருடம் கழித்து மகள் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் இது தெரியவரும் என்பது கொடுமை.

பிறகு பள்ளி. தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த வருடம் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. அப்படிப் படித்த பெண்கள் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-இலும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-இலும் தொடங்கின. ஏழாம் வகுப்புப் பிள்ளையைப் புதுச்சேரிப் பள்ளிக்கு மாற்றினால் இந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். மேலும், அங்குள்ள அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. நடுவில் சேரும் பிள்ளை புதுப் பாடத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். சென்னைக்கோ செங்கல்பட்டுக்கோ போய் அங்கே அரசுப் பள்ளியில் சேர்த்தால் எதுவும் இழப்பில்லை. நகரத்துக்குப் போனதும் கடன் வாங்கியாவது தனியார் பள்ளியில் சேர்க்கத் தோன்றும். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் ஆறாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளையாக இருந்தால், அந்த ஒரு முடிவோடு மேலே சொன்னதெல்லாம் கைநழுவும் என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

மூன்றாவது ரேஷன். தமிழ்நாட்டுக்குள் எந்த ஊர் ரேஷன் கடையிலும் கைரேகை வைத்துப் பொருள் வாங்கும் வசதி 2020 அக்டோபரில் வந்தது. எனவே மழைக்குத் தாம்பரம் போனாலும் திருப்பூர் போனாலும் அட்டையை மாற்ற வேண்டியதில்லை. புதுச்சேரியில் ரேஷன் கடைகள் பல வருடம் மூடிக் கிடந்தன. அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போட்டார்கள். 2024 அக்டோபரில்தான் கடைகள் மறுபடி திறந்தன. அங்கே போய் அட்டையை மாற்றிக்கொள்வது, இங்கே குடும்ப அட்டையை வைத்துக் கிடைக்கும் எல்லாவற்றையும் விடுவதாகும். 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையான மாதம் 1,000 ரூபாயும் அதில் அடக்கம். வருடத்துக்கு 12,000 என்று மேலே போட்ட கணக்கில் அதையும் சேர்த்துப் பாருங்கள். ஆகவே, பாண்டியில் வேலை கிடைத்தால் குடி போகாமல் போய்வரும் வழி உண்டா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். மரக்காணம்–புதுச்சேரி 46 கிலோமீட்டர் சாலையை நான்கு வழியாக்க மத்திய அமைச்சரவை 2025 ஆகஸ்டில் ஒப்புதல் தந்திருக்கிறது. அது முடிந்தால் பயண நேரம் இன்னும் குறையும். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளுக்குத்தான். தொலைதூரப் பேருந்தில் தினம் போய்வந்தால் கட்டணம் என்ன ஆகும் என்று கணக்கில் எழுதுங்கள்.

அக்கம்பக்கத்துக் கிராமத்து ஆள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மக்கள் நூறு நாள் வேலை என்று சொல்லும் திட்டம் ஊராட்சிகளில்தான் உண்டு. மரக்காணம் பேரூராட்சிக்குள் இருப்பவருக்குக் கிடையாது. ஊராட்சியில் வீடு இருந்து, மனைவியின் பெயர் அட்டையில் இருந்தால், அவர் ஊரில் தங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

காலத்தைப் பற்றி ஒரு சிக்கல் இருக்கிறது. உப்பு வேலை அக்டோபரில் நிற்கிறது. பள்ளி ஜூனில் திறக்கிறது. கையில் காசில்லாமல் அக்டோபரில் குடும்பத்தோடு கிளம்பினால் பிள்ளைக்கு அரையாண்டுத் தேர்வுக்கு முன் படிப்பு முறியும். நகரத்துப் பள்ளியில் சேர்க்கப் போனால் மாற்றுச் சான்றிதழ் கேட்பார்கள். அதை வாங்க ஊர் வர வேண்டும். அதற்குள் பிள்ளை ஒரு மாதம் வீட்டில். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடு நடு வருடத்தில் நகரவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். குஜராத்தில் சிறிய கட்ச் ரண் பகுதியில் உப்பெடுக்கும் அகரியா மக்கள் மழை முடிந்ததும் குடும்பத்தோடு வெட்டவெளிக்குப் போய், எட்டு மாதம் அங்கேயே குடிசை போட்டு வாழ்ந்து, அடுத்த மழைக்கு ஊர் திரும்புகிறார்கள். அவர்கள் பிள்ளைகளின் படிப்பு அந்த அலைச்சலில் படும் பாடு பெரிது. மரக்காணத்தில் உப்பளம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பிள்ளை ஒரே பள்ளியில் படிக்க முடிகிறது. அந்த வசதியை நாம் சொத்தாக எண்ணுவதில்லை. எண்ண வேண்டும்.

முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போகும் வேலையைப் பற்றிக் கடுமையாகவே சொல்கிறேன்: வேண்டாம். மழைக்காலத்தில் வீட்டில் அரிசி இல்லாத நேரம் பார்த்துத்தான் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் மரம் வெட்டவும் ஆள் பிடிக்க வருவார்கள். கையில் இருபதாயிரமோ முப்பதாயிரமோ வைப்பார்கள். அந்தப் பணம் கழியும்வரை கிளம்ப முடியாது. கூலிக் கணக்கு அவர்கள் நோட்டில் இருக்கும். தை மாதம் உப்பளம் திறக்கும்போது உங்களால் திரும்ப முடியாது. உங்கள் பாத்தியில் வேறு ஆள் இருப்பார். கடனுக்காக ஆளைப் பிடித்து வேலை வாங்குவது 1976-ஆம் வருடக் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அந்தக் கடனைத் திருப்பித் தர வேண்டியதும் இல்லை. அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காக மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ யார் வேண்டுமானாலும் மனுக் கொடுக்கலாம்.

வாடகை வீடு விஷயம் சுருக்கமாக. தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி, வேறு உடன்பாடு எழுதிக்கொள்ளாதவரை, முன்தொகை மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. சென்னையில் பத்து மாதம் கேட்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள், கரண்டுக்கு யூனிட் என்ன விலை என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள். தனியாகப் போகும் ஆண் முதல் மாதம் அம்மா உணவகத்தில் சாப்பிட்டுச் செலவைக் குறைக்கலாம். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அரசின் தோழி விடுதிகள் தாம்பரம் உள்ளிட்ட இடங்களில் இருக்கின்றன. தொழிற்சாலையில் சேர்ந்தால் யுஏஎன் எனப்படும் பிஎஃப் எண்ணும் இஎஸ்ஐ அட்டையும் கேட்டு வாங்குங்கள். அந்த பிஎஃப் எண் ஆளுக்கு ஒன்றுதான், அடுத்த வேலைக்குப் போனாலும் அதுவே தொடரும்.

இவ்வளவும் சொன்னதால், ஊரிலேயே கிடங்கள் என்று சொல்வதாக எண்ண வேண்டாம். மொத்தமாகப் போவதே சரி என்று படும் வீடுகளும் உண்டு. உப்பு நீரில் நின்று நின்று கால் புண் ஆறாதவர்கள், வெண்மையில் எதிரொளிக்கும் வெயிலில் கண் கெட்டவர்கள், நாற்பத்தைந்து வயதில் தலையில் கூடை தூக்க முடியாதவர்கள் அடுத்த பருவத்தை எண்ணிக் காத்திருப்பதில் பொருள் இல்லை. இருவருக்கும் மாதச் சம்பள வேலை உறுதியாகிவிட்டது, சொந்தக்காரர் பக்கத்தில் இருக்கிறார், பிள்ளைகள் தொடக்கப்பள்ளியில் இருக்கிறார்கள் என்றால் தயங்காமல் போகலாம். பிள்ளைகளை உப்பளத்துக்குள் இறக்கக் கூடாது என்ற வைராக்கியத்தில் கிளம்பும் தாய் தகப்பனை யாரும் தடுக்கக் கூடாது. அந்த வைராக்கியம் நியாயமானது. அப்படிப் போகும்போதும் ஊர் வீட்டை விற்காதீர்கள், ஒத்திக்கும் விடாதீர்கள். குறைந்தது இரண்டு மழைக்காலம் நகரத்தில் தாக்குப்பிடித்த பிறகு அந்தப் பேச்சை எடுக்கலாம். வாக்காளர் பட்டியலில் பெயரையும் அதுவரை கவனியுங்கள். வீடு பூட்டியிருந்தால் சரிபார்க்க வருபவர்கள் இடம்பெயர்ந்தவர் என்று குறித்துவிட்டுப் போவார்கள். நிலையாகக் குடிபோன பிறகு படிவம் 8 கொடுத்துப் புது முகவரிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இந்த வருடம் பேச்சு எழுந்திருக்கும் வீட்டுக்கு என் வேண்டுகோள்: புரட்டாசி முடிவதற்குள் உட்கார்ந்து ஒரு நோட்டில் இரண்டு பேருமாகக் கணக்கை எழுதுங்கள். போகிறவர் பொங்கலுக்குத் திரும்பி வருவதாக உப்பளத்து முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போகட்டும். கொண்டுவந்த பணம், செலவான பணம், வேலை கிடைத்த நாள் மூன்றையும் அதே நோட்டில் எழுதி, குடும்பத்தோடு போவதா வேண்டாமா என்பதைப் பள்ளி விடுமுறை தொடங்கும் ஏப்ரல் கடைசியில் முடிவு செய்யுங்கள். அந்த முடிவில் மனைவியின் வாக்கும் கணவனின் வாக்கும் சம எடை பெற வேண்டும்.